தாமான் பூங்காவில் வீட்டுச் செடிகள்: சண்டை இல்லாமல் ஒழுங்குபடுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், கடைசி வரிசை வீடுகளுக்கும் பிள்ளைகள் பந்து விளையாடும் திடலுக்கும் நடுவில் ஒரு கால்வாய் ஓடுகிறது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் முழுக்கப் பொது நிலம். ஆனால் அங்கே போய் நின்று பார்த்தால் அப்படித் தோன்றாது. கறிவேப்பிலை, முருங்கை, செராய் (எலுமிச்சைப்புல்), பண்டான், மரவள்ளி, குலை தள்ளிய வாழை, ஓரத்தில் கோழிக்கூண்டு, அதற்கு அடுத்து தகரம் போட்ட கொட்டகை, கொட்டகைக்குள் ஓடாத மோட்டார் சைக்கிள் ஒன்று. இதையெல்லாம் யார் வைத்தது என்று கேட்டால் யாரும் வைக்கவில்லை. அதில் கை வைத்துப் பாருங்கள், ஆறு வீட்டுக் கதவு திறக்கும்.

குடியிருப்பாளர் சங்கச் செயலாளராக ஒன்பது வருடம் இருந்தவன் நான். இந்தத் திடலோரத்தை ஒழுங்குபடுத்த எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆனது. முதல் முயற்சியில் சொதப்பினோம், அதையும் கீழே சொல்கிறேன். உங்கள் தாமானிலும் இதே வேலை காத்திருந்தால் இது உதவும்.

ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட். பாதிப்பேர் ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள். தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் எப்போதும் இருக்கும். அது கம்பெனி நிலம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அதில் நாலு பாத்தி கீரை போட்டால் கிராணி (தோட்டக் கணக்கர்) கண்டுகொள்ள மாட்டார். தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், 1960-இல், எங்கள் ஊர்க்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன், தொழிலாளர்களின் பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்க, தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சொந்தமாகக் கொஞ்சம் மண் வேண்டும் என்ற ஏக்கம் இந்த ஊரில் அவ்வளவு பழசு. தோட்டத்தை விட்டு வரிசை வீட்டுக்கு வந்தவர்களுக்கு முன்னால் கார் நிறுத்த இடம் இருந்தது, பின்னால் சமையலறைச் சுவர் இருந்தது. மண் இருந்தது கால்வாய்க்கு அந்தப் பக்கம்தான். அதனால் முதல் நாளே போய் ‘ஆக்கிரமிப்பு’ என்று பேச்சை ஆரம்பிக்காதீர்கள். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்துவிட்டால் பேச்சு அன்றோடு சரி.

யார் நிலம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் வேலை இது. நாங்களும் தாண்டித்தான் போனோம்.

‘பொது நிலம்’ என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் நாலைந்து வகை இருக்கிறது. வீடமைப்புத் திட்டத்துக்கு அனுமதி கொடுக்கும்போது, வழக்கமாக மொத்தப் பரப்பில் குறைந்தது 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கச் சொல்வார்கள். திடல், ஊஞ்சல், சறுக்குமரம் எல்லாம் அதில் வரும். கால்வாயை ஒட்டிய துண்டு வடிகாலுக்கான ஒதுக்கீடு. பின்சந்து பெரும்பாலும் 20 அடி அகலம் இருக்கும். தீயணைப்பு வண்டி நுழையவும் கழிவுநீர்க் குழாயின் மூடியைத் திறந்து வேலை செய்யவும் விட்ட இடம் அது. உயர் அழுத்த மின்கம்பி போகும் பாதை என்றால் மின்சார நிறுவனமான தெனாகாவும் அதில் சம்பந்தப்படும். ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டிய இடம் வேறு. கால்வாய் ஓரத்து வாழைக்காகப் பூங்காப் பிரிவுக்குக் கடிதம் எழுதினால் ‘எங்கள் பொறுப்பில் இல்லை’ என்றுதான் பதில் வரும்.

நகராண்மைக் கழகத்தில் தாமானின் பெலான் சுசுன் ஆத்தூர், அதாவது மனை அமைப்புப் படம், கேளுங்கள். பிறகு திடலின் லாட் எண்ணை எடுத்துக்கொண்டு நில அலுவலகத்தில் தேடிப் பாருங்கள். தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆம் பிரிவின்படி அது பொது ஒதுக்கீடாக அரசிதழில் அறிவிக்கப்பட்டதா என்பதுதான் முக்கியமான கேள்வி. அறிவித்திருந்தால் திடலுக்குப் பலம் அதிகம். இன்னும் அறிவிக்கவில்லை என்றால், செடிப் பிரச்சினையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு அதற்கு முதலில் மனு போடுங்கள். வாழை மரத்துக்காக அடித்துக்கொண்டிருக்கும்போது திடலே வேறு எதற்காவது போய்விடக் கூடாது.

அடுத்து எல்லைக்கல். வேலி எங்கே இருக்கிறதோ அதுவே எல்லை என்று நினைக்காதீர்கள். எங்கள் மூலை வீட்டுக்காரர் தன் இடம் சாக்கடை வரை என்று இருபது வருடமாக நம்பிக்கொண்டிருந்தார். மண்வெட்டியால் கொஞ்சம் கிளறியதும் கல் அவர் வேலிக்கு மூன்றடி உள்ளே கிடைத்தது. மனுஷன் பேசாமல் நின்றார். அப்புறம் “சரிப்பா, வீட்டை வாங்கும்போதே வேலி இங்கேதான் இருந்துச்சு” என்றார். பொய்யில்லை, முந்தைய உரிமையாளர் போட்ட வேலி அது. கல்லைப் பிடுங்குவதோ நகர்த்துவதோ குற்றம், அதைத் தொடாமல் படம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கல் கிடைக்காவிட்டால் ஊகித்துக் கோடு போடாதீர்கள். உரிமம் பெற்ற நில அளவையாளர்தான் அதைச் சொல்ல முடியும்.

சட்டம்: தெரிந்து வைத்துக்கொள்ள, மிரட்ட அல்ல

இரண்டு விஷயம் போதும். அரசு நிலத்தை எத்தனை வருடம் வைத்திருந்தாலும் அனுபவ பாத்தியதை வராது, தேசிய நிலச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. ‘முப்பது வருஷமா நாங்கதான் பாத்துக்கிட்டு வர்றோம்’ என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. இரண்டாவது, அதே சட்டத்தின் 425-ஆம் பிரிவு. அரசு நிலத்தையோ ஒதுக்கீட்டு நிலத்தையோ அனுமதியில்லாமல் வைத்திருந்தால் 5 இலட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

இந்த எண்ணைக் காட்டி ஒரு கறிவேப்பிலைச் செடிக்காரரைப் பயமுறுத்துவது அசிங்கம். ஆனால் கொட்டகை போட்டு வாடகைக்கு விடும் ஆள் ஒருவர் எல்லாத் தாமானிலும் இருப்பார். அவரிடம் பேசும்போது இது உங்கள் பைக்குள் இருக்கட்டும்.

இன்னொன்றும் உண்டு. சங்கத்துக்கு எதையும் உடைக்க, பிடுங்க அதிகாரம் கிடையாது. அந்த அதிகாரம் நகராண்மைக் கழகத்துக்கும் நில அலுவலகத்துக்கும்தான். நாமே போய்க் கொட்டகையைப் பிரித்தால் போலீஸ் புகார் நம் பெயரில்தான் வரும்.

நடந்து பார்த்து எழுதுங்கள்

ஞாயிறு காலை ஏழரை மணிக்கு, வெயில் ஏறுவதற்குள், மூன்று பேர் போங்கள். ஒருவர் கையில் அளவு நாடா, ஒருவர் கையில் போன், ஒருவர் கையில் நோட்டு. பெயிண்ட் வேண்டாம். மரத்தில் சிவப்புப் புள்ளி வைத்தால் ‘வெட்டப் போகிறார்கள்’ என்று பத்து நிமிடத்தில் தாமான் முழுக்க வாட்சாப் பறக்கும்.

எங்கள் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: “14-ஆம் எண் பின்புறம். கறிவேப்பிலை 2, ஆள் உயரம். முருங்கை 1. மஞ்சள் ஒரு பாத்தி. பழைய டயர் 3, இரண்டில் தண்ணீர். வேலி இல்லை. நடைபாதைக்கு 4 அடி இடம் இருக்கிறது.” அடுத்த பக்கம்: “16-ஆம் எண். செடி இல்லை. சிமெண்ட் தரை 10க்கு 12 அடி. கம்பி வேலி, பூட்டு.”

இந்த இரண்டு பக்கத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் எங்களுக்கே விஷயம் புரிந்தது. முதல் வீட்டில் இத்தனை செடி இருந்தும் பொது நிலம் பொது நிலமாகவே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அதன் வழியாக நடக்கலாம், ஒரு கொத்து கறிவேப்பிலை ஒடிக்கலாம். இரண்டாவது வீட்டில் ஒரு செடிகூட இல்லை, ஆனால் 120 சதுர அடி போய்விட்டது. ஆக்கிரமிப்பு வேலியிலும் பூட்டிலும் சிமெண்டிலும்தான் ஆரம்பிக்கிறது. நாங்கள் பிறகு செய்த எல்லா வேலையும் இந்தக் கணக்கில்தான் நடந்தது.

அதனால் மூன்று பட்டியல் போடுங்கள். இருக்கட்டும் என்று விடுபவை முதல் பட்டியல். கொஞ்சம் திருத்தினால் போதும் என்பவை இரண்டாவது: நடைபாதையை மறைக்கும் கிளை, கால்வாய்க் கரையை அரிக்கும் வாழைக் கட்டை, சந்தி முனையில் கார் வருவதை மறைக்கும் செம்பருத்தி. கண்டிப்பாக எடுக்க வேண்டியவை மூன்றாவது. வேலி, கொட்டகை, சிமெண்ட், கோழிக்கூண்டு, மின்கம்பிக்குக் கீழே வளரும் மரம், கழிவுநீர் மூடியின் மேல் வைத்த எதுவும் அதில் வரும்.

தண்ணீர் நிற்கும் டயரும் தொட்டியும் தனிக் கதை. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை, கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். லார்வா கிடைத்தால் 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி 500 வெள்ளி வரை கம்பவுண்ட் (அபராதம்). இதற்குக் கூட்டமும் வேண்டாம், கடிதமும் வேண்டாம். பார்த்த அன்றே வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கவிழ்க்கச் சொல்லுங்கள்.

மரம் என்றால் நாடாவை எடுங்கள்

1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தில் 35எச் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அடிமரத்தின் சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் இருந்தால் எழுத்து அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. பட்டுப்போன மரம், உடனடி ஆபத்தாக நிற்கும் மரம் போன்றவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. 80 செண்டிமீட்டர் என்றால் பெரிய மரம் என்று நினைக்காதீர்கள். தையல்காரர் நாடாவைச் சுற்றிப் பார்த்தால் நடுத்தர மாமரமே அதைத் தாண்டிவிடும். நட்டவரே ‘என் மரம், நானே வெட்டிக்கிறேன்’ என்று வந்தாலும் நிறுத்துங்கள். அனுமதி வந்த பிறகு வெட்டட்டும்.

எங்கள் சொதப்பல்

முதல் கோத்தோங் ரோயோங் (எல்லோரும் கூடிச் செய்யும் துப்புரவு வேலை) நாளில் இருபது பேர் பாராங் கத்தியோடு வந்துவிட்டார்கள். உற்சாகத்தில் 14-ஆம் எண் ஆயாவின் முருங்கையை அடியோடு சாய்த்துவிட்டோம். அந்த மரம் பட்டியலில் இல்லை. அப்போது பட்டியலே கிடையாது. ஆயா கோயிலுக்குப் போயிருந்தார். திரும்பி வந்து, கீழே கிடந்த கிளையிலிருந்து கீரையை உருவிக்கொண்டே, “தம்பி, என்னைக் கேட்டிருந்தா நானே கிளையைக் கழிச்சிக் கொடுத்திருப்பேனே” என்றார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அதற்கப்புறம் ஆறு மாதம் அந்த வரிசையில் யாரும் சங்கக் கூட்டத்துக்கு வரவில்லை.

பிறகு போய் மன்னிப்புக் கேட்டேன். முருங்கை நல்ல மரம், போத்து வைத்தால் வரும். மணிக்கட்டுப் பருமனில் மூன்று நாலு அடிக் கிளை எடுத்து, இரண்டு நாள் நிழலில் போட்டு, வெட்டு காய்ந்ததும் ஓரடி ஆழத்தில் நட வேண்டும். ஆயா காட்டிய இடத்தில், நடைபாதையை விட்டு ஆறடி தள்ளி, நானே இரண்டு போத்து நட்டேன். ஒன்று பிழைத்தது.

பேசுவது

கடிதத்துக்கு முன்னால் வாய்ப்பேச்சு. இரண்டு பேர் போங்கள், ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. செடி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான், பகலில் ஆண்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். தாமானில் மாக்சிக்கும் (மலாய்க்கார அம்மா) இருப்பார், சீன அங்கிளும் இருப்பார். அவர்களிடம் அவரவர் மொழி பேசும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிப் போங்கள். எங்கள் தாமானில் மிகச் சுத்தமாக வைத்திருந்த பாத்தி ஒரு மாக்சிக்குடையது. திருத்த வேண்டியதே இல்லை என்று சொன்னதும் ஒரு கட்டு செராயைக் கையில் திணித்து அனுப்பினார்.

“எடுங்கள்” என்று ஆரம்பிக்காமல் “இதில் எதெல்லாம் உங்களுக்கு முக்கியம்?” என்று கேளுங்கள். பத்து செடி வைத்திருப்பவர் இரண்டைத்தான் சொல்வார், மீதியைத் தானே விட்டுவிடுவார். கட்டுமானம் வைத்திருப்பவரிடம் தேதி கேளுங்கள். ‘சீக்கிரம்’ என்பது தேதி ஆகாது. தைப்பூசத்துக்கு முன்னாலா, பின்னாலா என்று கேட்டால் நம்மவர்கள் ஒரு நாளைச் சொல்லிவிடுவார்கள்.

சூலமும் மஞ்சள் துணியும்

இதைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். பூங்கா மரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம், மஞ்சள் துணி. அடுத்த வருடம் தகரக் கூரை, அதற்கடுத்த வருடம் டைல்ஸ் போட்ட மேடை. தோட்டம் கைமாறும்போது சாமியை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் நின்ற ஊர் நம்முடையது, அந்த வலி எனக்கும் தெரியும். ஆனாலும் பூங்காவில் வளரும் கோயிலுக்கு நிலப் பத்திரம் வராது. கூட்டம் பெருகிய பிறகு ஒருநாள் நோட்டீஸ் வந்தால் அது தாமான் பிரச்சினையாக நிற்காது.

கோத்தோங் ரோயோங் நாளில் அந்தப் பக்கமே போகாதீர்கள். சங்கம் சார்பில் எதையும் நகர்த்தாதீர்கள். சூலம் மட்டும் இருக்கும் கட்டத்திலேயே, வைத்தவரையும் ஊர்க் கோயில் நிர்வாகத்தினர் ஒருவரையும் பூசாரியையும் உட்கார வைத்துப் பேசுங்கள். முறையாகப் பதிவு பெற்ற கோயில் ஒன்று ஏற்றுக்கொண்டால் சடங்கு செய்து எடுத்துப்போகலாம். எங்கள் இடத்தில் அப்படித்தான் முடிந்தது, மூன்று மாதம் ஆனது. சீனக் குடும்பங்கள் காவல் தெய்வத்துக்கு வைக்கும் நாத்தோ மாடத்துக்கும் இதே மரியாதை, இதே வழி. ஒன்றுக்கு ஒரு சட்டம், மற்றதற்கு ஒரு சட்டம் என்று போனால் தாமான் இரண்டாகிவிடும்.

ஒரு பக்கத்தில் விதி

பேச்சு முடிந்ததும் தமிழிலும் மலாயிலும் ஒரே பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். எங்கள் பக்கத்தில் இருந்தவை இவைதான். நடைபாதையிலிருந்தும் கால்வாய் விளிம்பிலிருந்தும் மூன்றடிக்குள் எந்தச் செடியும் நடக் கூடாது. வேலி, பூட்டு, சிமெண்ட் கூடாது. புதிதாக மரம் நட வேண்டுமென்றால் முதலில் சங்கத்தில் சொல்ல வேண்டும். விளைந்ததை நட்டவர் முதலில் பறிக்கலாம், ஆனால் யாராவது ஒரு கொத்து எடுத்தால் சண்டை கூடாது. களைக்கொல்லி அடிக்கக் கூடாது.

கடைசி விதிக்கு எதிர்ப்பு வந்தது, புல் வேகமாக வளர்கிறதாம். தோட்டத்தில் மருந்து அடித்த அக்காமார்களே எழுந்து பதில் சொன்னார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை. பழைய சரக்கை யாராவது ஸ்டோரில் வைத்திருந்தால் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கு அது வரவே கூடாது. மற்ற மருந்தும் வேண்டாம் என்று முடிவானது. புல்வெட்டும் மெஷின் போதும்.

எழுத்தில் அனுமதி

இருக்கட்டும் என்று விட்ட செடிகளுக்கு நாம் சொன்ன ‘சரி’ செல்லாது. நிலத்துக்குப் பொறுப்பானவர் சொல்ல வேண்டும். நகராண்மைக் கழகத்துக்கு மலாயில் கடிதம் எழுதி, உங்கள் பகுதியின் கழக உறுப்பினருக்கு ஒரு பிரதி கொடுங்கள். தனித்தனி ஆள் பெயரில் கேட்காமல் சங்கத்தின் பெயரில் கெபுன் கொமுனித்தி, அதாவது சமூகத் தோட்டம், என்று கேளுங்கள். பாத்திகளின் படம், அளவு, யார் புல் வெட்டுவது, தண்ணீர் எங்கிருந்து வரும், எப்போது வேண்டுமானாலும் காலி செய்து கொடுப்போம் என்ற உறுதி, இவ்வளவும் இருந்தால் போதும். இப்படிச் செய்வது புதிதல்ல. கோலாலம்பூரில் பங்சார் பகுதியில் உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழே இருந்த நிலத்தில் 2017-இல் கெபுன் கெபுன் பங்சார் என்ற சமூகத் தோட்டம் தொடங்கியது.

நில அலுவலகம் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் (அரசு நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்தும் உரிமம்) கேட்கச் சொன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள். அந்த உரிமம் டிசம்பர் 31-ஐத் தாண்டாது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், இன்னொருவருக்கு மாற்ற முடியாது, உரிமம் பெற்றவர் இறந்தால் முடிந்துவிடும். அதை வைத்துக்கொண்டு ‘எனக்கு கிராண்ட் (நிலப் பத்திரம்) வந்துவிட்டது’ என்று யாராவது சொன்னால் அங்கேயே திருத்திவிடுங்கள்.

எடுக்கும் நாள்

சொன்ன தேதி தாண்டினால் இரண்டு நினைவூட்டல், இரண்டும் எழுத்தில், இடையில் இரண்டு வாரம். அப்புறம் படங்களோடு நகராண்மைக் கழகத்தில் புகார் எண் வாங்குங்கள். எங்கள் தாமானில் ஒரே ஒரு கொட்டகைதான் அதுவரை போனது. மற்ற வேலிகளை அவரவரே கழற்றினார்கள். கழற்ற ஆள் இல்லாத வயதானவர்களுக்குச் சங்கத்து இளைஞர்கள் உதவினார்கள், எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகுதான். லோரியை முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் குப்பை மூன்று வாரம் திடலிலேயே கிடக்கும்.

இடம் மாற்றும் செடிகளுக்கு மழைக்காலமே நேரம். எங்கள் பக்கம் ஏப்ரலும் அக்டோபரும் நல்ல மாதங்கள். கறிவேப்பிலையின் பெரிய மரத்தைப் பிடுங்காதீர்கள், வேர்க்கன்று பக்கத்திலேயே கிடைக்கும். வாழையைத் தண்டோடு வெட்டினால் திரும்ப முளைக்கும், கிழங்கைத் தோண்டி எடுக்க வேண்டும்.

காலியான இடத்தைச் சும்மா விடாதீர்கள். மூன்று மாதத்தில் அங்கே மெத்தை வந்து விழும், அப்புறம் பழைய சோபா. அதே வாரத்தில் நடைபாதையையோ பெஞ்சையோ பொதுப் பாத்தியையோ போட்டுவிடுங்கள்.

வருடா வருடம்

ஜனவரி முதல் வாரம் நோட்டை எடுத்துக்கொண்டு ஒருமுறை நடந்தால் போதும். அதைவிட முக்கியம், எந்த வீட்டு வாசலில் ‘விற்பனைக்கு’ பலகை தொங்குகிறது என்று பார்ப்பது. வீட்டு ஏஜெண்ட் வாங்குபவரிடம் பின்பக்கத் தோட்டத்தையும் சேர்த்துத்தான் காட்டுவார். புதிதாக வருபவர் சாவி வாங்கும் முன் விதிப் பக்கத்தையும் எல்லைக்கல் படத்தையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். 16-ஆம் எண் வீடு போன வருடம் கைமாறியது. புதுக்காரர் குடிவந்த இரண்டாம் நாள் அவர் வாசலில் நாலு மூட்டை சிமெண்ட் இறங்கியதைப் பார்த்து அன்று மாலையே போனேன். கார் நிறுத்தும் இடத்துக்குத்தானாம். இருந்தாலும் பக்கத்தைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.